எங்கட காணியில கிடைச்சது

– ஆரிட்டைக் கேட்டனீங்கள்? எனக்கு உண்மையைச் சொல்லுங்கோ.

– வடிவம்மான்ரை கடையில.

– கடையிலயோ! ஆண்டவரே. கடையில கேட்டா ஊருக்கே கேட்ட மாதிரி. என்னெண்டு கேட்டனீங்கள்? கேட்ட மாதிரியே சொல்லுங்கோ.

– சும்மா கதையோட கதையாத் தான், ரூபி. அந்தக் கடைசி இடப்பெயர்வு நேரம் எங்கட காணியில தரப்பாள் கூடாரம் கட்டி இருந்த சனம் ஆரெண்டு ஆருக்கும் தெரியுமோ எண்டு கேட்டன். அவ்வளவு தான்.

– அவ்வளவு தானோ? இத்தினை வருசமாக் கேக்காத மனுசன் இப்ப வந்து ஏன் கேக்கிறான் எண்டு ஒருத்தரும் யோசிக்கமாட்டினமோ?

– நகை எண்டு நான் ஒரு சொல் விடேல்லை.

– விடத் தேவையில்லை. வன்னியில ஒருத்தன் காணியில குழி வெட்டிப்போட்டு வந்து பழங்கதை கேட்டா, அதுக்கு ஒரே ஒரு கருத்துத் தான். பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கும் விளங்கும்.

– கேள் ரூபி. தென்னம்பிள்ளை வைக்கக் குழி வெட்டினது ஒரு குற்றமோ?

– மெல்லக் கதையுங்கோ. நேற்று இந்த ஒழுங்கையால ஒரு மோட்டச்சைக்கிள் ரெண்டு தரம் வந்தது. வந்தவன் ஹெல்மெட்டைக் கழட்டேல்லை. வேலியடியில நிப்பாட்டிப்போட்டுக் கிணத்தடிப் பக்கமே பாத்துக்கொண்டு நிண்டவன்.

– எனக்கு ஏன் நீ சொல்லேல்லை?

– சொன்னா நீங்கள் ஓடிப்போய் என்ன வேணுமெண்டு கேப்பியள். அவனும் சொல்லுவான். பிறகு என்ன செய்யிறது?

– வழி மாறி வந்தவனா இருக்கும்.

– இந்த ஒழுங்கை எங்கட வீட்டோட முடியுது. அங்கால காடு. வழி மாறி ஒரு தரம் வரலாம். ரெண்டாந்தரம் என்னெண்டு மாறுறது?

– சரி, சரி. இரு. அந்த வாளியைக் கீழ வை முதல். ஏன் இவ்வளவு பயம் உனக்கு?

– பயப்பிடாம? அங்கால ஊரில நடந்தது உங்களுக்கு மறந்து போச்சு. அந்த வீட்டுப் பாவியளுக்கு ஒண்டுமே கிடைக்கேல்லை. கிடைச்சதெண்டு ஒரு கதை கிளம்பினது, அது காணும். முகத்தை மூடிக்கொண்டு, பவுண் தேடுற மெசினோட வந்தவங்கள். புருசனையும் பெண்சாதியையும் கதிரையில கட்டிப்போட்டு, அவையின்ர கண் முன்னாலயே குசினி நிலத்தைக் கிண்டினவங்கள். அந்த மனுசி இப்பவும் ஆரும் படலையைத் தட்டினா மூத்திரம் போறாவாம்.

– அப்ப பொலிசிலை கொண்டு போய்க் குடுப்பம். முறைப்படி.

– குடுத்திட்டு? இவ்வளவு தானோ, மிச்சத்தை எங்க வைச்சிருக்கிறாய் எண்டு கேட்டா என்ன சொல்லுவியள்? இல்லையெண்டு சொன்னா நம்புவினமோ? முழுக் காணியையும் பிரட்டுவினம். பேப்பரில பேர் வரும். பிறகு மெசின்காரருக்கு விலாசம் தேடவும் தேவையில்லை.

– அப்ப நீ சொல்லு. நான் என்ன செய்ய?

– எடுத்த இடத்திலயே திருப்பித் தாட்டுவிடுங்கோ. மேல தென்னம்பிள்ளையை வையுங்கோ. நாங்களும் காணேல்லை, ஆரும் காணேல்லை. அது அங்கயே கிடக்கட்டும்.

– அது கிடக்கும். எனக்குள்ள கிடக்காதே.

– உங்களுக்குள்ள கிடந்தா ஜெபம் பண்ணுங்கோ.

– பண்ணினனான் தானே. போன ஞாயிறு முழுக்க ஜெபக்கூடத்தில முழங்காலில தான் நிண்டனான். பாஸ்ரர் என்ன பிரசங்கம் பண்ணினவர் எண்டும் எனக்குத் தெரியாது. கண்ணை மூடினா அந்தத் தாலிக்கொடி தான் வருது. கேள், ஒரு பொம்பிளை தாலிக்கொடியைக் கழட்டிப் போத்திலுக்குள்ள போட்டு மண்ணுக்குள்ள வைச்சிட்டுப் போறாள் எண்டா, அவள் திரும்பி வருவன் எண்டு தானே வைச்சிருப்பாள்?

– திரும்பி வரேல்லைத் தானே. இவ்வளவு காலமும் வரேல்லை. உயிரோட இருக்கிறாளோ ஆருக்குத் தெரியும்.

– அதைத் தான் கடையில கேட்டனான்.

– கடையில கேட்டதுக்குப் பதில் தான் நேற்று மோட்டச்சைக்கிளில வந்தது.

– ரூபி, நீயும் அதை எடுத்துப் பாத்தனி தானே?

– ஆர் சொன்னது?

– அரிசி வாளிக்குள்ள நான் வைச்ச மாதிரி இருக்கேல்லை.

– ... ஓம். நீங்கள் வயலுக்குப் போயிருந்த நேரம். ஆசையில எண்டு நினையாதேங்கோ. இல்லை, ஆசையும் தான். தோட்டை வித்த நாளில இருந்து என்ர காதில ஈர்க்குத் தானே கிடக்கு. சங்கிலியைக் கழுத்தில வைச்சுக் கண்ணாடியைப் பாத்தன்.

– பாத்து?

– கண்ணாடிக்குள்ள நான் நிக்கிற மாதிரி இருக்கேல்லை. வேற ஆரோ நிண்டு என்னைப் பாத்த மாதிரி இருந்தது. கழட்டிப் போட்டிட்டு முகத்தைக் கழுவினன்.

– பிறகும் அதை வீட்டுக்குள்ள வைச்சிருக்கலாம் எண்டுறியோ?

– வீட்டுக்குள்ள வைக்கச் சொல்லேல்லை. மண்ணுக்குள்ள வைக்கச் சொல்லுறன். ஒருத்தரும் கேக்காட்டி நாங்கள் சொல்லத் தேவையில்லைத் தானே. அதில என்ன பொய் இருக்கு?

– கேட்டா?

– கேக்கமாட்டினம்.

– கேட்டா, ரூபி?

– என்னை அப்பிடிப் பாக்காதேங்கோ. என்னைத் தான் முதல் ஞானஸ்நானத்துக்குத் தண்ணிக்குள்ள இறக்கினவை. எனக்குத் தெரியும் பொய் என்னெண்டு. எனக்குப் பயம், அவ்வளவு தான். இந்தக் கூரை போடாத அரைகுறை வீட்டில நீங்கள் வேலைக்குப் போனாப் பிறகு நான் தனிச்சுப் போய் இருக்கிறன். கத்தினாக் கேக்கிற தூரத்தில ஒரு வீடு இருக்கோ?

– இல்லை.

– அப்ப?

– அப்ப எனக்கும் பயம் தான். நான் பெரிய வீரன் எண்டு சொல்லேல்லை. ஆனா ஒண்டு கேள். முந்தி இந்த ஊரில சுஜிதன் எண்ட நான் வாயைத் திறந்தா ஆர் நம்பினது? இப்ப வடிவம்மா கடையை என்னட்டை விட்டிட்டுக் குளிக்கப் போறா. கல்லாப்பெட்டியைப் பூட்டாமப் போறா. அது கூரையை விடப் பெரிசடி எனக்கு. அந்தப் பவுணை வித்துக் கூரை போட்டாலும் அதுக்குக் கீழ நான் படுக்கமாட்டன். முத்தத்தில தான் படுப்பன்.

– ஆரும் கூரை போடச் சொன்னதோ? நான் பவுணையா கேட்டனான்? நிம்மதியைத் தானே கேக்கிறன்.

– எனக்குத் தெரியும். அழாதை.

– அழேல்லை. நில்லுங்கோ. நாய் ஏன் குலைக்குது?

– மாடு ஏதும் வந்திருக்கும்.

– மாட்டுக்கு இப்பிடிக் குலைக்காது. ஆண்டவரே... சத்தம் கேக்குதோ? மோட்டச்சைக்கிள்.

– நான் போய்ப் பாக்கிறன்.

– போகாதேங்கோ! இந்தக் கிடுகு மறைப்பு இடுக்கால பாருங்கோ. அவன் தான். அதே ஹெல்மெட். ஒழுங்கை முடக்கில நிப்பாட்டிப்போட்டான்.

– பின்னால ஒரு பொம்பிளை இருந்து வந்திருக்கிறா. இறங்கிறா. வயசான மனுசி, ரூபி.

– வயசான மனுசியை முன்னுக்கு விட்டு வீட்டை நோட்டம் பாக்கிறது இப்ப புதுசில்லை. நீங்கள் குசினிக்குள்ள போங்கோ. நான் கதைக்கிறன்.

– நீ என்ன சொல்லப் போறாய்?

– உங்கட முகத்தில எல்லாம் எழுதிக் கிடக்கு. போங்கோ எண்டுறன்! கதவைச் சாத்துங்கோ. அரிசி வாளிக்குப் பக்கத்தில நில்லுங்கோ.

– வீட்டுக்காரர்! உள்ள ஆரும் இருக்கிறியளோ? நாய் கடிக்குமோ பிள்ளை?

– கடிக்கும். அங்கயே நில்லுங்கோ அம்மா. ஆர் நீங்கள்?

– என்ர பேர் விமலேஸ்வரி. கண்டாவளையில இருந்து வாறன். பயப்பிடாதேங்கோ பிள்ளை, நான் பிச்சைக்கும் வரேல்லை, ஒண்டும் விக்கவும் வரேல்லை. கொஞ்சம் தண்ணி தருவியளோ?

– அந்த வாளியில கிடக்கு. அள்ளிக் குடியுங்கோ. உங்களோட வந்த ஆள் ஏன் அங்கயே நிக்கிறார்?

– நான் தான் நிக்கச் சொன்னனான்... ம். இதே தண்ணி தான். லேசா ஒரு உவர். வாய் மறக்கேல்லை.

– என்னம்மா சொல்லுறியள்?

– இந்தக் கிணத்துத் தண்ணியை முந்திக் குடிச்சிருக்கிறன், பிள்ளை. அப்ப கிணத்துக்குக் கட்டு ஒரு பக்கம் உடைஞ்சு கிடந்தது. நீங்கள் பூசிப்போட்டியள். சண்டை இறுகின நேரம் கண்டாவளையை விட்டு வெளிக்கிட்டு, இருந்து இருந்து ஓடி, கடைசியில இந்தக் காணியில தான் தரப்பாளைக் கட்டினனாங்கள். கொஞ்ச நாள் தான். பிறகு இஞ்சயும் ஷெல் வரத் தொடங்கிட்டுது.

– எல்லாச் சனமும் தான் இருந்தது. நாங்களும் எங்கயோ ஆரின்ரையோ காணியில இருந்தனாங்கள் தான்.

– ஓம் ஓம். ஆரின்ர காணி எண்டு ஆர் கேட்டது அப்ப. நான் முந்தியும் இந்தப் பக்கம் வந்தனான், பாருங்கோ. ஒவ்வொரு ஒழுங்கையா நடந்து பாப்பன். ஒண்டும் பிடிபடாது. அப்ப நிண்ட மரம் ஒண்டும் இப்ப இல்லை. வீடுகளும் இல்லை. தூரத்தில இருந்து பாத்திட்டுப் பஸ்சில ஏறிப் போயிடுவன்.

– இப்ப மட்டும் என்னெண்டு கண்டுபிடிச்சனீங்கள்?

– கடையில ஒரு தம்பி கேட்டவராம், இந்தக் காணியில அப்ப ஆர் இருந்ததெண்டு. கதை கண்டாவளை வரைக்கும் வந்திட்டுது.

– கதை எல்லா இடமும் போகும். இப்ப உங்களுக்கு என்ன வேணும்?

– அவசரமா ஓடேக்க இஞ்ச தாட்டுப்போட்டுப் போனனாங்கள். நீங்கள் மண் கிண் வெட்டேக்க ஏதும் தட்டுப்படேல்லையோ?

– இல்லை.

– ஒண்டுமே?

– ஒண்டும் இல்லை. நாங்கள் இஞ்ச மண் வெட்டினதே இல்லை.

– அப்ப கிணத்துக்கு அங்கால புதுமண் மாதிரி ஒரு இடம் தெரியுதே, பிள்ளை...

– அது... குப்பை தாட்டது. குப்பை தான்.

– குப்பையோ.

– ஓம். நேரம் போகுது அம்மா. எனக்கு வேலை கிடக்கு.

– சரி, பிள்ளை. குப்பைக்கெண்டா ஆழமா வெட்டியிருக்க மாட்டியள். நல்லது. நான் வாறன்... இல்லை, குறை நினையாதேங்கோ, அந்த வேலியடியில ஒரு கொஞ்ச நேரம் குந்தி இருந்திட்டுப் போகட்டோ? உள்ளுக்கு வரமாட்டன்.

– எதுக்கு? இருக்கேலாது! போங்கோ, அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கோ!

– அம்மா, நில்லுங்கோ.

– இஞ்சாருங்கோ! உங்களை ஆர் வெளியில வரச் சொன்னது? உள்ள போங்கோ!

– நில்லுங்கோ அம்மா. நான் தான் சுஜிதன், கடையில கேட்டது. இவா என்ர மனுசி. இவா இப்ப சொன்னது சரியில்லை.

– ஐயோ...

– பயத்தில சொன்னவா. நாங்கள் மண் வெட்டினனாங்கள். தென்னம்பிள்ளைக்கு. ஒரு சாமான் தட்டுப்பட்டது. அது எங்களிட்டைத் தான் இருக்கு.

– சொல்லிப்போட்டியளே. இனி அவன் வந்து கழுத்தை நெரிச்சாலும் எனக்கு ஒண்டுமில்லை. ஆண்டவரே, நீரே பாத்துக்கொள்ளும்.

– ஆனா அம்மா, ஆரும் வந்து கேட்டவுடன நான் தரேலாது. அதுவும் ஒரு பிழை. அது உங்கடையோ எண்டு எனக்குத் தெரியோணும். என்ன சாமான் எண்டு நீங்கள் சொல்லுங்கோ.

– பிளாஸ்ரிக் போத்தில், தம்பி. சிவப்பு மூடி. மூடியைச் சுத்திச் சைக்கிள் ரியூப் வெட்டி இறுக்கிக் கட்டினது. உள்ளுக்கு என்ர தாலிக்கொடி, ஒரு சங்கிலி, ரெண்டு காப்பு. ஒரு காப்பு நெளிஞ்சிருக்கும்.

– ரூபி.

– கேட்டன். சைக்கிள் ரியூப்... ஆரும் ஊகிச்சுச் சொல்லுற விசயமில்லை. அம்மா, உங்கட முகத்தைப் பாத்து மூண்டு பொய் சொன்னனான். ஒண்டு சொல்ல மற்றது தானா வந்திட்டுது. அந்த மோட்டச்சைக்கிளைக் கண்ட நேரத்தில இருந்து எனக்குப் பயம். நகை தேடுற ஆக்களெண்டு நினைச்சிட்டன்.

– அவனோ? அவன் விதுசன், என்ர தமையன்ரை மகன். நேற்று அவனைத் தான் முதல் பாத்து வரச் சொன்னனான். ரெண்டு தரம் வந்தும் படலையைத் தட்டத் துணியேல்லையாம். கிணத்தடியில ஒரு மனுசி கத்தியோட நிண்டு முறைச்சுப் பாத்தவா மாமி, எண்டு வந்து சொல்லுறான்.

– கீரை வெட்டின கத்தி அம்மா அது! அந்தத் தம்பியும் என்னைக் கண்டு பயந்தவரோ?

– இஞ்ச ஆர் பிள்ளை பயப்பிடாம இருக்கிறது? நான் படலைக்கு வரமுன்னம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. நீங்கள் இல்லையெண்டு சொன்னதில எனக்குக் கோவமில்லை. ஆனா இவ்வளவு தூரம் வந்தது வீணெண்டு நினைச்சிட்டன்.

– உள்ளுக்கு வாங்கோ அம்மா. இந்தக் கதிரையில இருங்கோ. நாயை நான் கட்டிறன். அந்தத் தம்பியையும் கூப்பிடுங்கோ, வெயிலுக்குள்ள நிக்கிறார்.

– அவன் நிக்கட்டும். கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடுவம்.

– ரூபி, போய் எடுத்துக்கொண்டு வா.

– போறன்... இந்தாங்கோ அம்மா. அரிசி ஒட்டியிருக்கு, துடைக்கிறன். ஒரு நாள் சங்கிலியைக் கழுத்தில வைச்சுப் பாத்தனான். அதையும் சொல்லிப்போடுறன்.

– அது பிழையில்லை, பிள்ளை. வடிவா இருந்திருக்கும்... நீங்கள் வேதக்காரரோ?

– ஓமம்மா. சபைக்குப் போறனாங்கள்.

– கடையில சொன்னவை. அந்த வேதக்காரத் தம்பி உள்ளதைத் தான் சொல்லுவார், போய்க் கேளுங்கோ எண்டு. அந்த ஒரு சொல்லை நம்பித் தான் வெளிக்கிட்டனான். இதில ஒரு காப்பை எடுங்கோ. நான் மனமாத் தான் தாறன்.

– வேண்டாம் அம்மா. அதை எடுத்தா நான் திருப்பித் தந்ததாகாது, வித்ததாப் போயிடும்.

– பிள்ளை, நீங்களெண்டாலும்...

– எனக்கும் வேண்டாம் அம்மா. நீங்கள் கொண்டு போங்கோ. எனக்கு இண்டைக்கு நித்திரை வரும், அது காணும். திறந்து பாருங்கோ, ஒண்டும் குறையேல்லை.

– பிறகு பாப்பம். தம்பி, ஒண்டு கேக்கிறன். இந்தப் போத்திலை எடுத்த இடத்தில, அதுக்குக் கீழயும் வெட்டினனீங்களோ?

– இல்லையம்மா. மண்வெட்டி தட்டின உடன வெட்டுறதை நிப்பாட்டிட்டன். போத்திலை எடுத்துப்போட்டு அப்பிடியே மூடிவிட்டன். தென்னம்பிள்ளையும் வைக்கேல்லை, அந்தா கிடக்கு.

– சத்தியமா வெட்டேல்லையோ?

– வெட்டேல்லை அம்மா. ஏன், கீழயும் நகை கிடக்கோ?

– பவுணுக்குப் பொய் சொல்லுற வீடெண்டா மற்றதைக் கேக்காமத் திரும்பிப் போறதெண்டு தான் வந்தனான், ராசா. கேட்டா, பயத்தில கிண்டி அள்ளிக்கொண்டு போய் எங்கயும் எறிஞ்சு போடுவினம்.

– மற்றது எண்டா என்னம்மா? ஏன் கிணத்தடியையே பாக்கிறியள்? கீழ என்ன கிடக்கு?

– பிறகு ஒரு காலத்தில இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் வேணுமெண்டு தான் போத்திலை மேல வைச்சனான், பிள்ளை. கீழ என்ர சின்னவள் படுத்திருக்கிறாள்.